பிஎச் 5.5 சிண்டெட் பார், கரப்பான் உள்ள பிள்ளைக்கு கொள்ளாமா?

சிண்டெட்டுன்னா சாதா சோப்பு இல்லாம செயற்கை டிடர்ஜென்ட்ல செஞ்ச குளியல் கட்டி, பிஎச்னா அமில-காரத்தன்மைக்க அளவு. நாகர்கோவில் வடசேரி பக்கம் ஒரு மெடிக்கல்ல எனக்க மவனுக்காக வாங்குனது, விலை சாதா சோப்ப விட நல்லாவே கூடுதல். அட்டப்பெட்டில எங்கயும் கிருமிய கொல்லும்னு போடல, அத பாத்துட்டு அத்தை "கிருமி சாகாத சோப்பு எதுக்கு மக்ளே"ன்னு கேட்டாங்க, நான் இத எடுத்ததே அப்படி போடாததுனாலதான்.

கிருமிய கொல்லுத வேலைய தோலே பாக்குது. எல்எல்-37, டிஃபென்சின்னு சின்னச்சின்ன பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) தோல்ல உண்டாகுது, அதுல பாசிட்டிவ் சார்ஜ், பாக்டீரியாவுக்க மேலுறைல நெகட்டிவ், போய் ஒட்டி ஓட்ட போட்டு உள்ள கெடக்குறத கசிய விட்டுரும். நம்ம செல்லுக்க வெளிப்பக்கம் அந்த அளவு நெகட்டிவ் கிடையாது, கொலஸ்ட்ராலும் இருக்கு, அதனால நமக்கு பெருசா அடி விழாது. வேர்வைல டெர்ம்சிடின்னு இன்னொண்ணு, 2001ல ஜெர்மனிக்காரங்க கண்டுபிடிச்சது, உப்பு வேர்வைலயும் வேலை செய்யும். கொளச்சல் வெக்கைல ஒழுகுத வேர்வைய வெறும் அழுக்குன்னு நெனைக்கவங்க இத யோசிக்கணும்.

கரப்பான் தோல்லதான் சிக்கல். சோரியாசிஸ் வந்த தோல்ல எல்எல்-37ம் டிஃபென்சினும் நல்லா ஏறும், கரப்பான்ல அந்த அளவு ஏறலன்னு 2002லயே ஆய்வு வந்தாச்சு, வேர்வைல டெர்ம்சிடினும் கம்மி. ஸ்டாஃப் ஆரியஸ்ங்குற பாக்டீரியா குடியேறி சொறிஞ்ச எடம் சீழ் வைக்குறதுக்கு அதும் ஒரு காரணம்.

இந்த பார் பெப்டைட கூட்டாது, யாராவது அப்படி சொல்லி வித்தா நம்பாதீங்க. சாதா சோப்புக்கு பிஎச் 9, 10ன்னு நிக்கும், தோலுக்கு 5 பக்கம்தான், இது தோலோட ஒத்துப் போகுது, எண்ணெய்ப்பசைய மொத்தமா உரிச்சுட்டுப் போகல, அவ்வளவுதான். கிருமிநாசினி சோப்புல போட்டுட்டிருந்த ட்ரைக்ளோசானையும் சேத்து 19 சரக்க அமெரிக்கால 2016ல தடுத்துட்டாங்க, சாதா சோப்பையும் தண்ணியையும் விட மேலுன்னு கம்பெனிக்காரங்களால காட்ட முடியல.

மணம் இல்ல, நுரை கம்மி. எங்க போர் தண்ணில சாதா சோப்பு திரிஞ்சு பக்கெட்டுல படியும், இது திரியல, எனக்கு ரொம்ப புடிச்சது அது. குளிச்சப்புறம் மவனுக்கு மேலு வலிச்சுப் புடிக்குறது நின்னுருக்கு, ராத்திரி சொறியுறதும் கொறவு, ஆனா டாக்டர் தந்த களிம்ப நிறுத்தல, ஈரம் காயுறதுக்குள்ள மாய்ஸ்சரைசரும் போடுறோம், அதனால மொத்த பேரையும் சோப்புக்கே குடுக்க முடியாது.

டப்பால தண்ணி தேங்குனா கூழாயிரும், ஓட்ட உள்ள டப்பா வேணும். மார்த்தாண்டத்துலயும் கிடைக்கு, சின்ன மெடிக்கல்ல சொல்லி வச்சாதான் வரும்.