சேலைக்கு ஷாப்பிஃபை, திரைச்சீலைக்குச் சொந்தக் கோடு

2004-இல் கனடாவின் ஒட்டாவாவில் டோபி லுட்கே என்ற புரோகிராமர், நண்பரோடு சேர்ந்து ஸ்னோபோர்டு (பனிச்சறுக்குப் பலகை) விற்க ஓர் இணையக் கடை தொடங்கினார். அப்போது கிடைத்த ரெடிமேட் மென்பொருள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தானே கோடு, அதாவது புரோகிராம், எழுதிக் கடையைக் கட்டினார். பலகையைவிட அந்தக் கடை மென்பொருள்தான் பெரிய சரக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. 2006-இல் அது, மாத வாடகைக்கு யாரும் இணையக் கடை போடக்கூடிய ரெடிமேட் மென்பொருளாக, ஷாப்பிஃபை ஆனது. இன்று "ரெடிமேடே போதும்" என்பவர்கள் முதலில் சொல்லும் பெயர், ரெடிமேட் போதாது என்று முகம் சுளித்த ஒருவர் எழுதியது!

இணையக் கடைக்கு ரெடிமேடா, சொந்தக் கோடா என்ற கேள்வி போன வருடம் ஒரே மாதத்தில் இரண்டு பக்கமிருந்து என்னிடம் வந்தது. இளம்பிள்ளையில் சித்தி சேலை விற்கிறார். கரூரில் மச்சான் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறார். இருவருக்கும் நேர்மாறான பதில் சொன்னேன்.

முதலில் சித்தி. வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்பில். படம் போடுவார், "இது இருக்கா?" என்று வரும், ஜிபே ஸ்கிரீன்ஷாட் வரும், பின்கோடு வரும். ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் வரை இது ஓடும். முப்பதைத் தொட்டதும் ஒரே சேலையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு இருவரிடமும் திட்டு வாங்குவதுதான் மிச்சம். சேலத்தில் ஒரு டெவலப்பர் ஒன்றரை லட்சம், மூன்று மாதம் என்று சொல்லியிருந்தார். என்னென்ன செய்து தருவார் என்று பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஸ்டாக் எண்ணிக்கை, கூப்பன், பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை), கூரியர் லேபிள், ஆர்டர் மெசேஜ். எல்லாமே ரெடிமேடில் இரண்டு மூன்று நாளில் ஏற்றி முடிக்கக்கூடியவை. அந்த மூன்று மாதத்துக்குள் தீபாவளியும் வந்து போய்விடும். "ஏன் கண்ணு, சொந்தமா இருந்தா நல்லதில்லையா?" என்று கேட்டார். சேலை உங்களுடையதாக இருந்தால் போதும் சித்தி என்றேன்.

ரெடிமேடுக்கும் விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டம் மாதம் ஏறக்குறைய 2000 ரூபாய். அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி இந்தியாவில் இல்லாததால் நாம் வெளி கேட்வேயைத்தான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு ஆன்லைன் விற்பனைக்கும் அவர்களுக்கு 2 சதவீதம். கேட்வேக்காரருக்குத் தனியாக இன்னொரு 2 சதவீதம் போல, அதன்மேல் ஜிஎஸ்டி. மாதம் 3 லட்சம் விற்று, பாதி கேஷ் ஆன் டெலிவரி என்று வைத்துக்கொள்வோம். கேஷுக்கு அந்த 2 சதவீதம் கிடையாது. மீதி ஒன்றரை லட்சத்துக்கு 3000. கேட்வே கட்டணம் சொந்தக் கோடிலும் உண்டு என்பதால் அதை விட்டால், 2000 வாடகையோடு மாதம் 5000, வருடத்துக்கு 60,000. டெவலப்பர் கேட்ட தொகை இரண்டரை வருடத்தில் இங்கே போய்விடும்.

அப்படியானால் சொந்தக் கோடுதானே லாபம்? கணக்கு அங்கே நிற்பதில்லை. ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் சர்வருக்கான வாடகை), வருடப் பராமரிப்பு, கூரியர் நிறுவனம் தன் ஏபிஐயை (நம் கடை அவர்கள் மென்பொருளோடு பேசும் வழி) மாற்றும்போது செலவு, ராத்திரி பதினொரு மணிக்கு சைட் படுத்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கவலை எல்லாம் சேரும். விற்பனை மாதம் பத்துப் பதினைந்து லட்சத்தைத் தாண்டும்போது இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். அதுவரை வேண்டாம்.

இனி கரூர். மச்சானிடம் வருபவர்கள் ஜன்னல் அளவை அங்குலத்தில் சொல்வார்கள். புது அபார்ட்மென்ட்டுகளில் ஒரு ஜன்னல் போல இன்னொன்று இருப்பதில்லை. 60 அங்குல அகல ஜன்னலுக்கு மடிப்பு விழ இரட்டிப்புத் துணி, 120 அங்குலம். துணியின் அகலம் 54, அந்த அகலத்தில் வெட்டும் நீளத்துண்டுதான் ஒரு பட்டை. ஆக ஏறக்குறைய இரண்டே கால் பட்டை, ஆனால் கால் பட்டையாக வெட்ட முடியாது, மூன்று எடுக்க வேண்டும். உயரம் 84, மடித்துத் தைக்க 10 சேர்த்து 94. மூன்று பட்டைக்கும் சுமார் 7.2 மீட்டர். அதன்மேல் தையல்கூலி, வளையமா ப்ளீட்டா, லைனிங் உண்டா இல்லையா. இந்தக் கணக்குதான் அவருடைய தொழிலே.

ஷாப்பிஃபையில் ஒரு பொருளுக்கு நிறம், அளவு என்பது போல மூன்று வகைத் தேர்வுகள்தான் வைக்கலாம். அளவைத் தட்டச்சு செய்து விலை காட்ட ஆப்கள் உண்டு, மாத வாடகை டாலரில். நான் பார்த்தவை அகலத்தை உயரத்தால் பெருக்கிச் சதுர அடி விலை சொல்லின. பட்டைக் கணக்கு அவற்றுக்குத் தெரியவில்லை. ஒரு பட்டை குறைத்துக் கணக்கிட்டால் ஆர்டருக்கு இரண்டரை மீட்டர் துணி கைநஷ்டம்.

வரியும் இடிக்கும். சேலைக்கு என்ன விலையானாலும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடலாம். திரைச்சீலைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உருப்படி 2500 ரூபாய் வரை 5, தாண்டினால் 18. மச்சானிடம் விலை அளவைப் பொறுத்து மாறுவதால், ஒரே துணியில் தைத்த சின்ன ஜன்னலுக்கு ஒரு வரி, பால்கனிக்கு வேறு வரி. பொருட்களைத் தொகுப்பு வாரியாகப் பிரித்து வரி போடும் ரெடிமேட் முறையில் இது லேசில் அடங்காது. சொந்தக் கோடில் நாலு லைன் எழுதினால் முடிந்தது. ஆனால் அந்த எண்களை அட்மின் பேனலில் மாற்றும்படி வைக்கச் சொல்ல வேண்டும். கோடுக்குள் புதைத்துவிட்டால் அடுத்த வரி மாற்றத்தன்று டெவலப்பர் போனை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்காக முழுக் கடையையும் எழுத வேண்டுமா? வேண்டாம். பேமென்ட்டை யாருமே சொந்தமாக எழுதுவதில்லை. 2022 அக்டோபர் முதல் கார்டு எண்ணைக் கடைக்காரர் சேமித்து வைக்கவே ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. மச்சானுக்கு நான் சொன்னது வூகாமர்ஸ். 2011-இல் வந்த ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்) கடை மென்பொருள், பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில் எழுதியது, தெரிந்த ஆள் எளிதில் கிடைக்கும். கடை அதில், பட்டைக் கணக்கு மட்டும் தனி பிளக்இன் (அதோடு ஒட்டிச் சேர்க்கும் சிறு மென்பொருள்). 45,000 ரூபாயில் முடிந்தது. அப்டேட் செய்யும்போது பிளக்இன்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், அந்தத் தலைவலி உண்டு.

இதில் நான் சூடுபட்ட கதையும் ஒன்று இருக்கிறது. எங்கள் பழைய கடைக்கு டொமைனை (இணைய முகவரியை) தன் பெயரில் வாங்கிவைத்த டெவலப்பர் ஒருவர், சண்டை வந்ததும் காணாமல் போனார். பெயரையே மாற்றிப் புதிதாகத் தொடங்கினோம். அதனால் எந்த வழியானாலும் டொமைன், ஹோஸ்டிங், கேட்வே கணக்கு மூன்றும் உங்கள் மெயில் ஐடியில் இருக்கட்டும். சொந்தக் கோடு என்றால் சோர்ஸ் கோடும். ரெடிமேடை விட்டு வெளியேறும்போது பொருள் பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் கையில் வரும். கடையின் தோற்றத்தைத் தரும் தீம் வேறு இடத்தில் உதவாது, வாடிக்கையாளர் பாஸ்வேர்டு வராது.

சித்தி இப்போது மாதக்கடைசியில் 2 சதவீதத்தைப் பார்த்து முணுமுணுக்கிறார். அதைவிடப் பெரிய முணுமுணுப்பு, கேஷ் ஆன் டெலிவரியில் போய் வாங்க ஆளில்லாமல் திரும்பி வரும் பார்சல்களுக்கு. மச்சானுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜன்னலுக்கு அளந்து தைத்ததைத் திரும்ப எடுத்து யாருக்கு விற்பது என்று அவர் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுகிறார்.