டிஸ்ஹானர்ட் 2: சுவருக்குள் புகுந்து பார்த்த வீடு

2016-இல் வந்த, காவலாளி கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து ஆடும் கேமுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்பீர்கள். தள்ளுபடியில் வாங்கிப்போட்டு இரண்டு வருடம் சும்மா கிடந்தது, போன மாதம்தான் திறந்தேன், இப்போது மூன்றாவது சுற்று ஓடுகிறது. கதைக்காக இல்லை. அரியணையைப் பறிகொடுத்த எமிலி திருப்பி அடிக்கப் போகிறாள், அவ்வளவுதான் கதை. வேண்டுமானால் அவளுடைய அப்பா கோர்வோவாகவும் ஆடலாம். என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது நாலாவது மிஷனில் வரும் ஜிண்டோஷின் வீடு.

கிரின் ஜிண்டோஷ் ஒரு கண்டுபிடிப்பாளர், தலைக்கனம் கொஞ்சம் அதிகம், அந்த மிஷனில் நம் இலக்கே அவர்தான். அவர் வீட்டில் நெம்புகோலை இழுத்தால் சுவர் நகரும், தரை மடங்கும், இருந்த அறை போய் வேறு அறை வந்து உட்காரும். முதல் சுற்றில் திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி கண்ணில் பட்ட நெம்புகோலை எல்லாம் இழுத்தேன், அவர் ஒலிபெருக்கியில் நக்கலடித்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது சுற்றில்தான் உறைத்தது: சுவர் நகருகிறது என்றால் அது நகர ஒரு இடம் இருக்க வேண்டுமே? அந்த இடைவெளியில் நுழைந்தால் பளபள மாளிகை மறைந்து பல்சக்கரமும் சட்டங்களும் மட்டும் தெரிகின்றன. ஆரம்ப அறையிலேயே மேலே கண்ணாடியை உடைத்து, ஒரு நெம்புகோலையும் தொடாமல் உள்ளே போய்விடலாம். நாம் வந்ததே தெரியாமல் அவரை முடித்தால் அதற்குத் தனி அச்சீவ்மென்ட் (கேம் தரும் சாதனைப் பட்டம்) உண்டு.

எனக்கு அத்தை வீடு ஞாபகம் வந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் முன்னால் வீடு, பின்னால் வெள்ளிப் பட்டறை. கண்ணாமூச்சி ஆடும்போது வாசல் வழியாக ஓடுகிறவன் முதலில் மாட்டுவான். பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய சந்து ஒன்று இருந்தது, அது தெரிந்தவன்தான் ராஜா. பட்டறையில் சுத்தியல் தட்டும்வரை ஓடலாம். தட்டு நின்றால் நாமும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கால் சத்தம் அத்தைக்குக் கேட்டுவிடும். அத்தை எங்கே இருக்கிறார் என்பதைக் கொலுசு சொல்லிவிடும்.

1998-இல் வந்த தீஃப் என்கிற கேம் இதைத்தான் செய்தது. கம்பளத்தில் நடந்தால் சத்தமே இல்லை, டைல்ஸிலும் இரும்புத் தகட்டிலும் கால் வைத்தால் காவலாளி திரும்புவான், அதனால் அந்த லெவல்கள் கண்ணைவிடக் காலுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருக்கும். ஜிண்டோஷின் இயந்திரக் காவலர்களுக்குப் பின்னாலும் கண் உண்டு. தலையைத் துண்டித்தால் குருடாகி, சத்தம் வந்த பக்கமெல்லாம் வெட்டும், சொந்த ஆளையும் சேர்த்து. இதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்து ஒரு மனிதக் காவலாளியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அசிங்கமான வெற்றி, ஆனால் வெற்றி.

பின்னால் ஒரு மிஷனில் வரும் ஸ்டில்டன் என்பவரின் மாளிகையையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் நமக்குக் கிடைக்கும் மாய சக்தி எதுவும் அங்கே வேலை செய்யாது, கையில் ஒரு காலக் கருவி மட்டும். அதன் கண்ணாடியை விரித்தால் இடிந்த கூடத்துக்குள் மூன்று வருடம் முந்தைய கூடம் தெரியும், காவலாளியோடு. அவன் தள்ளிப் போனதும் ‘அன்றைக்கு’த் தாவி, பூட்டு திறந்து, ‘இன்றைக்கு’த் திரும்பி வர வேண்டும்.

எல்லா லெவலும் இப்படி இல்லை. டஸ்ட் டிஸ்ட்ரிக்ட் என்கிற பேட்டையில் ஒரு பூட்டு, ஐந்து பெண்மணிகளில் யாருடைய நகை எது என்கிற புதிர். விடை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், யூடியூப் உதவாது. நோட்டில் கட்டம் போட்டு அரை மணியில் முடித்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் அந்த மிஷனையே தாண்டி வந்திருக்கிறேன், அந்தப் பேட்டையில் ஒரு சந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொன்று, லோட் பட்டன். மாட்டியதும் அதை அழுத்திப் பழைய சேவுக்குத் திரும்புகிற பழக்கத்தை விடுங்கள், மாட்டி ஓடும்போதுதான் புது வழி கண்ணில் படும்.

பழைய லேப்டாப்பில் திணறும், என்னுடையது மின்விசிறிச் சத்தத்தில் அம்மாவையே எழுப்பிவிட்டது. ஹெட்போன் கட்டாயம். தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்குங்கள், முதல் சுற்றில் மட்டும் எந்த வழிகாட்டி வீடியோவும் பார்க்காதீர்கள்.