தறி ஓடும் ஊரில் ஹைஃபை: சர்வோவா, ஆன்லைன் யூபிஎஸ்ஸா, விலையுயர்ந்த கேபிளா?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் சிற்றூர்களில் ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழ் வீடுகளும் தறிக்குடோன்களும் கிணற்று மோட்டார்களும் சேர்ந்தே இருப்பது வழக்கம். 230 வோல்ட் என்று ஏட்டில் இருக்கும் மின்சாரம், மோட்டார்கள் எல்லாம் ஓடும் பகலில் 190க்குக் கீழே இறங்குவதையும், தறிகள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை இரவில் 250ஐத் தாண்டுவதையும் ஒரே பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். இத்தகைய இடத்தில் ஹைஃபை, அதாவது ஒலியைத் துல்லியமாகத் தரும் இசை அமைப்பு ஒன்றுக்குத் துணையாக எதை வாங்குவது என்ற கேள்விக்கு நான்கு பொருள்கள் போட்டியிடுகின்றன: சர்வோ ஸ்டெபிலைசர், ஆன்லைன் யூபிஎஸ், ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர், விலையுயர்ந்த பவர் கேபிள். நான்கும் ஒரே வேலையைச் செய்வதுபோலச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. உண்மையில் முதல் மூன்றும் மூன்று வேறு நோய்களுக்கான மருந்துகள். நான்காவது எந்த நோய்க்கும் மருந்தன்று.

கடைக்குப் போகுமுன் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பார்த்துவிட வேண்டும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அச்சிட்டிருந்தால், உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ் எனும் மின்னணு மின்வழங்கி. 180 வோல்ட்டிலும் அது தன் வேலையைக் குறையின்றிச் செய்யும் என்பதால், அதற்கு உயர் மின்னழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்கும் எளிய கருவி ஒன்றே போதும். 230 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்து, தூக்கும்போது ஒரு பக்கம் கனத்து இழுத்தால், அது டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய முறை. அதில் உள்மின்னழுத்தம் சுவர் மின்னழுத்தத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 180 வோல்ட்டில், 100 வாட் ஆம்ப்ளிஃபயர் ஏறத்தாழ 60 வாட் ஆம்ப்ளிஃபயராகிவிடுகிறது. காதுக்கு இது 2 டெசிபெல் இழப்புதான் என்றாலும், தவிலும் மிருதங்கமும் ஓங்கி ஒலிக்கும் இடங்களில் ஒலி முன்கூட்டியே சிதையும். ஏற்றம் இதைவிடக் கொடியது. 56 வோல்ட்டில் இருக்க வேண்டிய உட்பகுதி, சுவரில் 260 வோல்ட் வரும்போது 63ஐத் தொடுகிறது. அங்கே 63 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் கெப்பாசிட்டர் இருந்தால் அதன் ஆயுள் குறைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு நேரான பதில் சர்வோ ஸ்டெபிலைசர். சுருளின் மீது கார்பன் பிரஷ் ஒன்றைச் சிறு மோட்டார் நகர்த்தி, வெளியே வரும் மின்னழுத்தத்தை ஒரு விழுக்காட்டு அளவுக்குள் நிறுத்துகிறது. குளிர்சாதனப் பெட்டிக்கு வாங்கும் ரிலே ஸ்டெபிலைசர் படிப்படியாகத் தாவும். ஒவ்வொரு தாவலும் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று கேட்கக்கூடும், வெளிவரும் மின்னழுத்தமும் 200க்கும் 240க்கும் இடையே எங்கோ நிற்கும். எனவே இசைக்கு அது வேண்டாம். சர்வோவிலும் குறைகள் உண்டு. நகரும் உறுப்பு என்பதால் அது மெதுவானது. பக்கத்துக் குடோனில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணநேரச் சரிவை அதனால் பிடிக்க முடியாது. நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் பாயும் விபத்திலும் அதை நம்ப முடியாது. அதற்கென்று, மின்னழுத்தம் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஹை-கட் வசதி உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். தறி ஓடும் ஊர்களில் இன்னொரு தொல்லை, பஞ்சு. காற்றோட்டத் துளை வழியே நுழையும் பஞ்சுத் தூசி சுருளின் மீது மெல்லிய படலமாகப் படிந்து, பிரஷ் நகரும் பாதையில் தீப்பொறியைக் கிளப்பும். ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து துடைக்காமல் விட்டால், ஒலியைக் காக்க வாங்கிய பெட்டியே இரைச்சலுக்கு மூலமாகிவிடும். அதன் மோட்டார் ஓசையும் கேட்கும் என்பதால், பெட்டியை இசை கேட்கும் அறைக்கு வெளியே வைப்பதே முறை.

ஆன்லைன் யூபிஎஸ், வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதிலிருந்து புதிய சைன் அலையை (மாறுமின்சாரத்தின் இயல்பான அலைவடிவை) உருவாக்குவதால், கணநேரச் சரிவு உட்பட எதுவும் ஆம்ப்ளிஃபயரை எட்டுவதில்லை. தாளில் இதுவே வெற்றியாளர். ஆனால் டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயர், அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை மொத்தமாக இழுக்கும் இயல்புடையது. சராசரி நுகர்வைக் கணக்கிட்டு 1 கேவிஏ (ஆயிரம் வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் வாங்கினால், உரத்த பகுதிகளில் அலையின் உச்சி தட்டையாகும். பெரியதை வாங்கினாலோ, ஓயாமல் சுழலும் விசிறியும், சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்ற வேண்டிய பேட்டரியும் கூடவே வரும். மெல்லிய வீணை ஒலிக்காகச் செலவழித்துவிட்டு விசிறிச் சத்தத்தில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மின்சாரத்தின் அதிர்வெண் சீரானால் தட்டு சுழலும் வேகமும் சீராக இருக்கும் என்று ரெக்கார்ட் பிளேயருக்காக இதை வாங்குவோரும் உண்டு. நம் மின்தொகுப்பின் அதிர்வெண் 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையே இருக்க வேண்டும் என்பது விதி, அந்த வேறுபாட்டைக் காது உணராது.

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரில் உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்கும். அது மின்னழுத்தத்தைத் திருத்தாது. 190 வந்தால் 190ஐயே கொடுக்கும். மின்கம்பி வழியே வரும் இரைச்சலைக் குறைப்பதுதான் அதன் பணி. எனவே வோல்டேஜ் சீராக இருந்தும் தறி மோட்டார்களின் கரகரப்பு ஸ்பீக்கரில் கேட்கும் வீட்டுக்கு மட்டுமே அது பொருந்தும். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்தபின் ஆலைகளும் மோட்டார் பட்டறைகளும் பெருகிய கோவை வட்டாரத்தில், காயில் கட்டி டிரான்ஸ்பார்மர் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வேண்டிய அளவைவிடப் பெரிய இரும்புக் கோர் வைத்துக் கட்டச் சொன்னால் முனகலும் சூடும் குறையும். இணைப்பை மட்டும் விவரம் தெரிந்த ஒயர்மேனிடம் விட வேண்டும். வெளிச்சுற்றின் ஒரு முனையை எர்த்தோடு சேர்க்காவிட்டால், அதற்குப் பின்னால் மாட்டிய ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வேலை செய்யாது.

பவர் கேபிளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பத்திலிருந்து பிளக் வரை சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரம் கடைசி ஒன்றரை மீட்டரில் திருந்துவதில்லை. அந்தப் பணத்தில் மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் ஒன்றை வைப்பது மேல். ஸ்பீக்கர் கம்பிக்கும் கணக்கு எளிது: 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போகவும் வரவும் சேர்த்து மின்தடை 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு விழுக்காடு கூட இல்லை. கவனிக்க வேண்டியது, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி செம்பு விலைக்குத் தலையில் கட்டப்படுவதைத்தான். முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும்.

இந்த நான்குக்கும் முன்னால் நிற்பது எர்த். மழை மறைவுப் பகுதியான இங்கே, சுக்காங்கல்லும் பாறையும் கலந்த மண் கோடையில் காய்ந்து எர்த் குழியின் தடையை ஏற்றிவிடும். பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் நியூட்ரல் இணைப்புகளை ஒயர்மேனை வைத்துப் பார்க்க வேண்டும். குழியில் உப்பும் கரியும் புதிதாக இட்டு, கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். இதற்குப் பிறகும் ‘உம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் ஓசை நின்றபாடில்லையென்றால், டிவியின் கேபிள் இணைப்பைச் செட்டாப் பெட்டியிலிருந்து கழற்றிப் பார்க்கவும். ஓசை உடனே அடங்கினால், இரண்டு எர்த்துகளுக்கு இடையே மின்னோட்டம் சுற்றுகிறது என்று பொருள். அதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பது உயிருக்கே ஆபத்து. டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, ஒலியை ஒளியாகக் கடத்தும் சில நூறு ரூபாய் ஆப்டிகல் கேபிளை மாட்டினால் அந்தச் சுற்று அறுபட்டுவிடும்.