ஏசி, கூலர் மருந்துகள்: எதை ஊற்றலாம், எதற்குப் பதில் வேலையைச் செய்யலாம்?

ஏசி, ஃப்ரிட்ஜ், கூலிங் டவர் பராமரிப்புக்கென்று விற்கும் மருந்துகள் இரண்டு வகை. ஒன்று, கேஸ் ஓடும் குழாய்க்கு வெளியே படுவது: காயில் கிளீனர், டிரெயின் மாத்திரை, டவர் அமிலம். மற்றது, கேஸோடும் ஆயிலோடும் கலந்து கம்ப்ரஸருக்குள்ளேயே சுற்றுவது: லீக் சீலன்ட், அமிலமுறி, ஈரத்தை அடக்கும் திரவம், கரன்ட் மிச்சமாகும் என்று சொல்லி விற்கும் ஆயில். வெளியே படுவதில் அழுக்கு என்ன என்று பார்த்து வாங்கினால் காசுக்குப் பலன் உண்டு. உள்ளே போவதில் பெரும்பாலானவை, செய்யாமல் விட்ட ஒரு வேலையின் இடத்தை நிரப்ப வருபவை. அந்த வேலையையே செய்துவிட்டால் பாட்டில் தேவைப்படாது.

காயில் கிளீனர்: அமிலமா, காரமா, நடுநிலையா?

சேலத்தில் அவுட்டோர் காயிலில் (மெல்லிய ஃபின் தகடுகள் அடுக்கிய குழாய்ச் சுருளில்) ஏறும் அழுக்கு இடத்துக்கு இடம் மாறும். வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடி பக்கம் மேக்னசைட் வெண்தூசி. கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் தறிப் பஞ்சு. ஐந்து ரோடு, புதிய பஸ் ஸ்டாண்டு ஹோட்டல்களில் சமையல் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு. இந்த மூன்றுக்கும் ஒரே பாட்டில் சரிவராது.

அமிலக் கிளீனர்தான் கண்ணுக்குப் பளிச்சென்று வேலை செய்யும். தெளித்த உடனே வெள்ளையாக நுரை பொங்கும். அழுக்கு வெளியே வருகிறது என்று வாடிக்கையாளரிடம் காட்டுவார்கள். அந்த நுரையில் ஹைட்ரஜன் வாயுவும் இருக்கிறது. அமிலம் அலுமினியத்தையே தின்னும்போது வருவது அது. ஃபின் தகட்டின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முறை பொங்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் போகிறது. நீலநிறப் பூச்சு உள்ள காயில் என்றால் முதலில் போவது அந்தப் பூச்சு. இண்டோர் காயிலில் பூச்சு போய்விட்டால் தண்ணீர் வழிந்து இறங்காமல் ஃபின்களுக்கு இடையே துளியாக நிற்கும். பிறகு புளோயர் காற்றில் அறைக்குள் தெறிக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிடைக் கலக்கி ஊற்றுவதும் இதே கதைதான். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது செம்பு வளைவுகளையும் விடாது. லேபிளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்று இருந்தால் தொடவே வேண்டாம். தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியாது. எரிச்சல் தெரியும்போது உள்ளே எலும்பு வரை போயிருக்கும்.

காரக் கிளீனரில் இருப்பது சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இதுவும் அலுமினியத்தைத் தின்னும், இதிலும் ஹைட்ரஜன் நுரை வரும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும் வேலையை இதைப் போல வேறெதுவும் செய்யாது. ஹோட்டல் சமையல்கட்டை ஒட்டிய டீப் ஃப்ரீசர் கண்டன்சர், பேக்கரி டிஸ்ப்ளே கூலர் இவற்றுக்கு மட்டும், லேபிளில் சொன்ன அளவுக்கு நீர்த்து, அவுட்டோர் பக்கம் மட்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் கழுவ வேண்டும். மைக்ரோசேனல் காயில் என்றால் அமிலமும் கூடாது, காரமும் கூடாது. அதில் குழாயே அலுமினியம். அரித்தால் நேராக கேஸ் லீக்தான்.

மற்ற எல்லாவற்றுக்கும் நடுநிலைக் கிளீனர் போதும். பி.எச். 6 முதல் 8 வரை இருக்கும், சோப்பு வகைச் சேர்மங்கள் மட்டும் உள்ளது. நுரை குறைவு, பொங்காது, அதனாலேயே விற்பனையில் மவுசு குறைவு. வீட்டு ஏசிக்கு எங்கள் தேர்வு இதுதான். லேபிளில் பி.எச். போடாத பாட்டில் கையில் கிடைத்தால் லிட்மஸ் போன்ற பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். 3-க்குக் கீழே காட்டினால் அமிலம், 12-க்கு மேலே காட்டினால் கடுங்காரம். கடைக்காரர் என்ன சொன்னாலும் தாள் காட்டுவதை நம்பலாம்.

கழுவும் முறையில்தான் மருந்தைவிட அதிக வித்தியாசம் இருக்கிறது. பிரேக்கரை இறக்கி, இன்வெர்ட்டர் மெஷினாக இருந்தால் கபாசிட்டர் வடிய பத்து நிமிடம் விடுங்கள். போர்டு பெட்டியைப் பாலிதீனால் கட்டுங்கள். வெண்தூசியும் பஞ்சும் உள்ள காயிலில் முதலிலேயே தண்ணீர் அடிக்கக் கூடாது. தூசி நனைந்து ஃபின்களுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். சூளையில் வெந்த மேக்னசைட் தூசியாக இருந்தால் நீரோடு சேர்ந்து இறுகவும் செய்யும். மென்மையான பிரஷ்ஷால் ஃபின் ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தட்டி, பிறகு புளோயரால் உள்ளிருந்து வெளியே ஊதித் தள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் மருந்து. காயில் வெயிலில் சூடாக இருந்தால் மருந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஆகவே காலையிலேயே முடிப்பது நல்லது. தண்ணீரும் உள்ளிருந்து வெளியே, ஃபினுக்கு நேராக. ஜெட் பம்பை ஓர் அடிக்கும் கிட்டே கொண்டுபோனால் ஃபின் மடங்கும். போர் தண்ணீர் உப்பு அதிகமான வீடுகளில் கடைசி அலசலை மேட்டூர் தண்ணீரில் முடித்தால், காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி விழாது.

லீக் சீலன்ட்டா, லீக்கை அடைப்பதா?

சீலன்ட் பாட்டிலின் கவர்ச்சி எளிதில் புரிகிறது. லீக் தேட நேரம் பிடிக்கும், பிரேசிங் அடிக்க ஆள் வேண்டும், நைட்ரஜன் சிலிண்டர் தூக்கிவர வேண்டும். சீலன்ட்டைச் சர்வீஸ் வால்வில் மாட்டி உள்ளே தள்ள பத்து நிமிடம்.

இவற்றில் பரவலாக உள்ள ரகம் ஈரம் பட்டால் கெட்டியாகும் சிலேன் வகைத் திரவம். ஓட்டை வழியாகக் கசியும்போது வெளிக்காற்றின் ஈரத்தைச் சந்தித்து அங்கேயே இறுகி அடைக்க வேண்டும் என்பது கணக்கு. சிஸ்டத்துக்குள் துளியும் ஈரம் இல்லாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். ஆனால் லீக் ஆகி, பலமுறை வேக்கம் போடாமல் (உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சாமல்) டாப்-அப் செய்யப்பட்ட மெஷினில்தான் ஆட்கள் சீலன்ட் ஊற்றுகிறார்கள். அதற்குள் ஈரம் நிச்சயம் இருக்கும். அப்போது அது இறுகும் இடம் ஓட்டை இல்லை, கேஸைக் குறுக்கி விடும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கேபிலரி என்ற நுண்குழாயும்தான். ஃப்ரிட்ஜில் போடும் 31 நம்பர் கேபிலரியின் உள்துளை 0.8 மில்லிமீட்டர்கூட இல்லை. அடுத்து வரும் மெக்கானிக்குக் கேடு இன்னும் பெரிது: ஹோஸிலும் மேனிஃபோல்டிலும் கேஸை உறிஞ்சி எடுக்கும் ரிகவரி மெஷினிலும் ஏறிய சீலன்ட், அவற்றைக் கழற்றிக் காற்றில் வைத்ததும் இறுகிவிடும். சீலன்ட் போட்ட மெஷினாக இருந்தால் அவுட்டோரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள்; அடுத்தவருக்குச் செய்யும் நியாயம் அது. வாரன்டி உள்ள கம்ப்ரஸருக்கு இது உதவாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லீக்கின் இடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஃபிளேர் நட்டில் கசிந்தால் மருந்து எதற்கு? குழாயை வெட்டிப் புது ஃபிளேர் போட்டு, கால் இஞ்சுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், 3/8 இஞ்சுக்குச் சுமார் 35 என்று டார்க் ரென்ச்சில் முறுக்கினால் முடிந்தது. அமில வேலை நடக்கும் வெள்ளிப்பட்டறைகளிலும், வினிகரோ வார்னிஷோ புழங்கும் இடங்களிலும் செம்புக்குழாயில் ஊசிமுனைத் துளைகள் பல விழும். ஒன்றைச் சீலன்ட் அடைத்தாலும் பக்கத்தில் இன்னொன்று தயாராக இருக்கும். அங்கே காயிலையே மாற்றத்தான் வேண்டும். மிஞ்சுவது, கை எட்டாத இடத்தில், வருடத்துக்கு ஒருமுறை டாப்-அப் கேட்கும் அளவு நுண்ணிய கசிவு, அதுவும் சீக்கிரம் மாற்றப்போகும் பழைய மெஷினில். அங்கே மட்டும், புது டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி) போட்டு நன்றாக வேக்கம் எடுத்தபின், சீலன்ட்டுக்கு ஓர் இடம் உண்டு.

லீக் தேட யூ.வி. டை (புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம்) நல்ல மருந்து. ஆயில் எது என்று பார்த்து அதற்கேற்ற டை வாங்க வேண்டும், லேபிள் அளவை மீறக் கூடாது. இருட்டில் யூ.வி. டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் வைத்துத் தேடினால் பச்சை மஞ்சளாக ஒளிரும். ஆனாலும் சோப்பு நுரையும் நைட்ரஜனும் வைத்தே பெரும்பாலான லீக்குகளைப் பிடித்துவிடலாம். 350 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பூட்டி வைக்கும்போது வெயிலைக் கணக்கில் எடுங்கள்: ஒரு டிகிரி குறைந்தால் 1.2 பி.எஸ்.ஐ. அளவு தானாக இறங்கும். மதியம் பூட்டி, பத்து டிகிரி குளிர்ந்த இரவில் பார்த்தால் 12 பி.எஸ்.ஐ. குறைந்திருப்பது லீக் இல்லை. ஆக்சிஜனை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

ஈரத்துக்கு மெத்தனாலா, வேக்கமும் டிரையருமா?

ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் குளிர்ந்து நின்றுவிடும். கேபிலரி முனையில் வெந்நீர்த் துணி வைத்தால் ‘உஸ்’ என்று கேஸ் ஓடும் சத்தம் திரும்பும். அது ஈரச் சோக், அதாவது உள்ளே உள்ள நீர் கேபிலரி முனையில் ஐஸாகி அடைப்பது. பழைய வைத்தியம், சார்ஜிங் லைனில் கொஞ்சம் மெத்தனால் விடுவது. ஐஸ் கட்டாது, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். நீர் மட்டும் உள்ளேயே இருக்கும். மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும், மோட்டார் வைண்டிங் இன்சுலேஷனையும் பதம் பார்க்கும். ஆர்-134ஏ, ஆர்-410ஏ, ஆர்-32 கேஸ் மெஷின்களில் பரவலாக உள்ள பி.ஓ.இ. (செயற்கை எஸ்டர்) ஆயில் நீரோடு சேர்ந்து சிதைந்து அமிலமாகும். மினரல் ஆயில் காலத்தில் ஓரளவு தப்பித்த வைத்தியத்தை இன்றைய ஆயிலில் செய்வது கம்ப்ரஸரைக் கொல்வது.

சரியான வேலை இதுதான். பழைய டிரையரை வெட்டி எடுத்து, ஆர்-134ஏ என்றால் எக்ஸ்.எச்-9 ரக ஈர உறிஞ்சி மணி உள்ள புது டிரையர் போட வேண்டும். அதன் மூடியை பிரேசிங் அடிக்கும் நேரத்தில்தான் திறக்க வேண்டும். இரட்டை ஸ்டேஜ் பம்ப்பில் 500 மைக்ரானுக்குக் (உள்ளே மிஞ்சும் அழுத்தத்தின் அளவு) கீழே இறக்கி, வால்வை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். ஏறி 1500 பக்கம் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். ஈரம் என்றால் உலர்ந்த நைட்ரஜனை 2, 3 பி.எஸ்.ஐ. விட்டு வேக்கத்தை உடைத்து மறுபடி இழுங்கள். இப்படி இரண்டு தடவை செய்தால் நன்றாகக் காயும்.

ஏற்காட்டில் இந்த வேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஊர் 1500 மீட்டர் உயரம். சேலத்தில் முழு வேக்கத்தில் கேஜ் முள் 29 இஞ்சு பக்கம் நிற்கும். மேலே போனால் 25 இஞ்சுக்கு மேல் போகவே போகாது, ஏனென்றால் அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்ப் கெட்டுவிட்டது என்றோ லீக் என்றோ நினைத்து வேலையைப் பாதியில் விட்டுவிடும் ஆபத்து உண்டு. மைக்ரான் கேஜ் உயரத்தைப் பற்றிக் கவலைப்படாது, அதைத்தான் கொண்டுபோக வேண்டும். பனிமூட்டம் இறங்கிய மாலையில் லைனைத் திறந்து வைத்தால் பி.ஓ.இ. ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பம்ப் ஆயிலும் சீக்கிரம் பால்போல வெளுக்கும். வெளுத்த ஆயிலோடு 500 மைக்ரான் எட்டாது, மாற்றிவிடுங்கள்.

மோட்டார் எரிந்த சிஸ்டத்துக்கு அமிலமுறி ஊற்றச் சொல்வார்கள். அது அமிலத்தை உப்பும் நீருமாக மாற்றும். அந்த நீரை எடுக்க எப்படியும் டிரையர் வேண்டும். ஆக்டிவேட்டட் அலுமினா கலந்த சக்‌ஷன் டிரையர் அமிலத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். நைட்ரஜனால் லைனை ஊதி, கம்ப்ரஸர் மாற்றி, இந்த டிரையரைப் போட்டு இரண்டு நாள் ஓடவிட்டு ஆயில் அமிலச் சோதனை செய்யுங்கள். சுத்தம் என்றால் சக்‌ஷன் டிரையரைக் கழற்றிவிட வேண்டும், விட்டுவைத்தால் அழுத்தம் குறைந்து கூலிங் அடிபடும். இரண்டாவது டிரையருக்குப் பிறகும் அமிலம் காட்டினால், ஆயில் வடிக்க வழியில்லாத ரோட்டரி கம்ப்ரஸரில் அமிலமுறி போடுவதை மறுக்க மாட்டோம்.

கரன்ட் மிச்சமாகும் ஆயில் பற்றி ஒன்றே ஒன்று. ஊற்றும் அன்றே காயிலையும் கழுவித் தருகிறார்களா என்று பாருங்கள். காயில் கழுவினாலே யூனிட் குறையும். காயிலைக் கழுவி ஒரு வாரம் மீட்டர் பார்த்து, அதே வெப்பநிலை நாட்களில் ஊற்றியபின் ஒரு வாரம் பார்த்து ஒப்பிடச் சம்மதிக்கிற விற்பனையாளர் இருந்தால் மட்டும் பேசுங்கள்.

டிரெயின் அடைப்புக்கு குவாட்டர்னரி அம்மோனியம் மாத்திரையை டிரேயில் வைப்பது சரி. பிளீச்சிங் பவுடர் உலோகத்தை அரிக்கும், வினிகர் ஆவி செம்பை அரிக்கும், இரண்டையும் விடுங்கள்.

கூலிங் டவர்: சல்ஃபாமிக்கா, ஹைட்ரோகுளோரிக்கா?

தண்ணீர்க் கண்டன்சர் உள்ள குளிர்பதனக் கிடங்குகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் இங்கே எதிரி போர் தண்ணீரின் கடினத்தன்மை. குழாயில் படியும் சுண்ணாம்பு, செம்போடு ஒப்பிட்டால் வெப்பத்தை நூறில் ஒரு பங்குகூடக் கடத்தாது. கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமானது, விலை குறைவு. ஆனால் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழிவிழச் செய்யும், புகையும் வரும். சல்ஃபாமிக் அமிலம் பொடியாக வரும், அரிப்பு குறைவு, எடுத்துப்போவது சுலபம், விலை கூட. ஸ்டெயின்லெஸ் பிளேட் எக்ஸ்சேஞ்சர் என்றால் சல்ஃபாமிக்தான். இரண்டிலும் அரிப்புத்தடுப்பான் கலக்காமல் செய்யக் கூடாது. நாகத்தகடு டவர் என்றால் அமிலம் டவருக்குப் போகாமல் கண்டன்சரைத் தனியாகப் பிரித்து சுற்றவிடுங்கள். 5 முதல் 10 சதவீதக் கரைசல், 60 டிகிரிக்குக் கீழே. நுரை அடங்கியபின்னும் பி.எச். ஏறாமல் நின்றால் சுண்ணாம்பு தீர்ந்தது, பி.எச். 4-ஐத் தாண்டினால் அமிலம்தான் தீர்ந்தது, இன்னும் போட வேண்டும். முடிந்ததும் சோடா உப்பால் நடுநிலையாக்கி அலசிவிட்டுத்தான் வடிகாலில் விடலாம்.

அடுத்த அமிலக் கழுவலைத் தள்ளிப்போட பிளீடுதான் (உப்பேறிய டவர் தண்ணீரில் கொஞ்சத்தைத் தொடர்ந்து வெளியேற்றுவது) வழி. ஒரு டன் குளிர்விப்புக்கு மணிக்கு ஆறரை லிட்டர் அளவு ஆவியாகும். 20 டன் மெஷினில் 130 லிட்டர். வரும் தண்ணீர் 1000 டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு), டவரில் 3000-க்கு மேல் விடக்கூடாது என்றால் மூன்று மடங்குச் செறிவு. அதற்கு மணிக்கு 65 லிட்டர் வெளியேற்ற வேண்டும். பிளீட் வால்வை மூடிவைத்துவிட்டு ஸ்கேல் தடுப்பு மருந்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால், உப்பு ஏறி ஏறி அந்த மருந்தும் தாங்காமல் குழாயில் படியத் தொடங்கிவிடும்.