வாஷிங்டன் விமான அருங்காட்சியகம்: பழைய விமானங்களுக்காகவே போகலாம்

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வாஷிங்டனில் நடத்தும் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக ராக்கெட் பக்கம் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டு மணி நேரத்தைப் பழைய விமானங்களுக்குக் கொடுங்கள். முதல் விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள், அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த லிண்ட்பர்க், அமீலியா இயர்ஹார்ட் எல்லாரும் உயிரைத் துச்சமாக நினைத்துக் கிளம்பியவர்கள் என்றுதானே படித்திருக்கிறோம், அந்த விமானங்களைக் கிட்டத்தில் பார்த்தால் அது பாதிப் பொய் என்று தெரியும்.

ரைட் சகோதரர்களின் 1903 ஃப்ளையர் விமானம் தரையிலேயே நிற்கிறது. ஓட்டுபவர் கீழ் இறக்கையில் குப்புறப் படுத்து இடுப்பை அசைத்தால் கம்பிகள் இழுபட்டு இறக்கை நுனி முறுக்கிக்கொண்டு விமானம் ஒரு பக்கம் சாயும். இதை அவர்கள் மோட்டார் பூட்டுவதற்கு முன்பே, 1902-ல் கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை மணல்மேட்டிலிருந்து இறங்கிப் பழகிவிட்டார்கள். வீண் ஆபத்தில் இறங்க மாட்டேன் என்று அண்ணன் வில்பர் அப்பாவுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பறந்தது 1910-ல் ஒரே ஒரு முறை, அதுவும் அப்பாவின் அனுமதியோடு.

அதிக நேரம் நிற்க வேண்டிய இடம், 1927-ல் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு நிற்காமல் பறந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்'. அதன் முகத்தைப் பாருங்கள், முன்கண்ணாடியே கிடையாது! பெரிய பெட்ரோல் டாங்க் ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பதால் நேரே பார்க்க ஒரு சின்னப் பெரிஸ்கோப்தான், மற்றபடி பக்கவாட்டு ஜன்னல். கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் டாங்க் முதுகுக்குப் பின்னால் இருந்தால், விழும்போது இன்ஜினுக்கும் டாங்குக்கும் நடுவே நசுங்கிச் சாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. ரேடியோவும் பாராசூட்டும் கொண்டுபோகாமல் எடையை மிச்சம் பிடித்தார். அதற்கு முந்தைய வருடம் 1926-ல் அதே பயணத்துக்குக் கிளம்பிய பிரெஞ்சு விமானி ரெனே ஃபோங்க்கின் மூன்று இன்ஜின் விமானம் அளவுக்கு மீறிய எடையோடு மேலே எழும்பாமலே எரிந்து இரண்டு பேர் இறந்திருந்தார்கள். இவர் ஒற்றை இன்ஜினை நம்பியது அந்தச் சூழ்நிலையில் நல்ல முடிவு. முந்தைய ராத்திரியும் தூங்காமல் 33 மணி நேரப் பயணத்துக்குக் கிளம்பினாரே, என் பார்வையில் அதுதான் உண்மையான சூதாட்டம். அப்புறம், 1938-ல் நாஜி அரசிடம் பதக்கம் வாங்கியதும், 1941-ல் டெமாய்ன் நகரில் யூதர்களைக் குற்றம் சாட்டிப் பேசியதும் இதே மனிதர்தான். குழந்தைகளோடு போனால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இயர்ஹார்ட்டின் சிவப்பு வேகா விமானம் அழகோ அழகு. 1932-ல் இதில்தான் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார், உயரமானி கெட்டு, இறக்கையில் பனி படிந்து, இன்ஜின் புகைக்குழாய் விரிசலில் தீ தெரிந்தும் வட அயர்லாந்தில் இறக்கினார். அவரைக் காணாமல் போனவராக மட்டும் நினைவு வைத்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 1937-ல் உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பி பசிபிக்கில் அவர் காணாமல் போனதற்கு மர்மக் கதை தேவையில்லை. தேடிப்போன ஹவ்லண்ட் தீவு இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நீளம், அவரும் வழிகாட்டி நூனனும் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தேர்ந்தவர்கள் இல்லை, காத்திருந்த கப்பலுக்கு அவர் குரல் கேட்டும் இரு பக்கமும் சரியாகப் பேசிக்கொள்ள முடியவில்லை. ரேடியோ ஏற்பாட்டில் இன்னும் கவனம் வேண்டியிருந்தது, அதைச் சொல்வதால் 1932-ல் செய்தது குறைந்துவிடாது.

முடிந்தால் வாஷிங்டனுக்கு வெளியே டல்லஸ் (Dulles, டெக்சாஸ் நகரம் அல்ல) விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிளைக்கும் போங்கள். அங்கே லாங்லியின் 'ஏரோட்ரோம்' என்ற விமானம் இருக்கிறது. ஸ்மித்சோனியனின் தலைவராகவே இருந்த பெரிய விஞ்ஞானி, ஆனால் ஆள் ஏறிப் பழகாத அந்த முழு அளவு விமானத்தில் உதவியாளர் மேன்லியை உட்காரவைத்துப் படகின் மேலிருந்து ஏவினார். 1903-ல் இரண்டு முறையும் பொட்டாமக் ஆற்றில் விழுந்தது, மேன்லி பிழைத்ததே பெரிய விஷயம். துணிச்சல்காரர்கள் என்று பெயர் வாங்கிய சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்களைவிட லாங்லிதான் கண்ணை மூடிக்கொண்டு ஆபத்தில் இறங்கியவர்.

இரண்டு இடத்திலும் நுழைவு இலவசம். டல்லஸ் கிளையில் கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, நகருக்குள் இருப்பதற்கு நேரம் குறித்த பாஸ் வேண்டுமா என்று முன்கூட்டியே இணையத்தில் பார்த்துவிடுங்கள்.