ஃபைவர் தளமா, பிரிக்ஃபீல்ட்ஸ் வாடிக்கையாளரா?

கோலாலம்பூரில் வடிவமைப்பையோ மொழிபெயர்ப்பையோ சொந்தத் தொழிலாகத் தொடங்கும் இளையோருக்கு இரண்டு வழிகள் உண்டு: இணையம்வழி தனிநபர்களுக்கு வேலை தேடித்தரும் ஃபைவர் போன்ற தளத்தில் கணக்குத் திறப்பது, அல்லது பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் வட்டாரக் கடைகளையும் குடும்பங்களையும் நேரில் அணுகுவது.

ஃபைவரில் வாடிக்கையாளர் முன்கூட்டியே பணம் கட்டிவிடுவதால் ஏமாறும் அச்சம் குறைவு. ஆயினும் ஒவ்வொரு வேலையிலும் 20 விழுக்காட்டைத் தளம் எடுத்துக்கொள்கிறது. 100 டாலர் வேலைக்கு 80 டாலரே சேரும், அதுவும் புதியவருக்கு வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான்.

நேரடி வழியில் கழிவு இல்லை, ஆனால் வசூல் கடினம். என் முதல் வேலை ஒரு திருமண அழைப்பிதழ். மணமகளுடைய தந்தையின் பெயரில் லகர ளகரத்தை மூன்று முறை திருத்தி, அச்சகத்தில் நின்றபடியே மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். முன்பணம் கேட்கத் தயங்கியதால் பாதித் தொகை இன்றுவரை வரவில்லை. ஆனால் அதே அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று குடும்பங்கள் என்னைத் தேடி வந்தன. மதிப்பீடு ஏதுமற்ற புதுக் கணக்குக்கு இணையத்தில் அப்படி ஒரு பரிந்துரை எளிதில் வாய்ப்பதில்லை.

எந்த வழியானாலும், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயருக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயருக்கு 60 வெள்ளி.

தமிழில் வேலை செய்பவர் நேரடி வழியிலேயே தொடங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. பாதித் தொகை கைக்கு வந்த பிறகே கணினியைத் திறக்க வேண்டும்.