விதியா, வழக்கமா: ஏஜெண்டுகளைக் கண்காணிக்க இரண்டு வழி

தோவாளைப் பூச்சந்தை வியாபாரிக்காக நாகர்கோவிலில் நாங்கள் எழுதிய மென்பொருளில் 3 ஏஜெண்டுகள் (தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொண்டு தாமாகவே வேலை செய்யும் நிரல்கள்): ஒன்று ஆர்டர் எடுக்கும், ஒன்று விலை சொல்லும், ஒன்று வண்டி பிடிக்கும். ஓடும்போதே கோளாறைப் பிடிக்க இரண்டு வழியையும் பார்த்தோம்.

முதலாவது விதி. "விலை உறுதியாகாமல் வண்டி பிடிக்கக் கூடாது" என்று எழுதிவைத்தால், கண்காணிக்கும் நிரல் ஏஜெண்டுகளின் ஒவ்வொரு செய்தியையும் அதோடு ஒப்பிடும். மீறினால் எந்த ஏஜெண்ட், எந்த விதி என்று அந்த நொடியே தெரியும். ஆனால் நாம் எழுதாத தப்பு அதன் கண்ணில் படாது. ஒருநாள் விடியற்காலை, பிச்சிப்பூவுக்கு "விலை என்ன?", "எத்தனை கிலோ?" என்று இரண்டு ஏஜெண்டுகள் மாறிமாறிக் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு செய்தியும் விதிப்படி சரி. வண்டி மட்டும் கிளம்பவில்லை; பூ வாடிப்போனது.

இரண்டாவது வழக்கம்: ஏஜெண்டுகள் வழக்கமாக எப்படி ஓடுகின்றன என்று படித்துக்கொண்டு, அதிலிருந்து விலகினால் சொல்வது. அந்த நாளின் பதிவைக் கொடுத்ததும் சுழலைப் பிடித்துவிட்டது. ஆனால் ஓணத்துக்குக் கேரள ஆர்டர்கள் குவிந்தால் அதையும் கோளாறு என்கிறது, காரணமும் சொல்வதில்லை.

பணமும் வண்டியும் சம்பந்தப்பட்ட இடத்தில் என் ஓட்டு விதிக்குத்தான். அங்கே அது வேலையை நிறுத்தவே செய்யலாம். மற்றது எச்சரிக்கை மட்டும் தரட்டும், அப்புறம் ஆள் பார்த்து முடிவெடுக்கலாம்.